இன்ஜின் ஆயில்: லேபிள் சொல்வதும் உள்ளே இருப்பதும்

அமெரிக்காவில் டாலர் ஜெனரல் என்றொரு கடைச் சங்கிலி உண்டு. சின்னச் சின்ன ஊர்களில்கூடக் கிளை வைத்து, மலிவு விலையில் எல்லாம் விற்கும். தன் சொந்தப் பெயரில் இன்ஜின் ஆயிலும் விற்றுவந்தது. பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்தால், உங்கள் இன்ஜினுக்கு வழுவழுப்பும் பாதுகாப்பும் தரும் என்று போட்டிருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு கதை. எஸ்ஏஇ 30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு) பாட்டிலில், 1930க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் கார் இன்ஜின்களுக்கு இது ஏற்றதல்ல என்று இருந்தது. 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 பாட்டில்களில் அந்த ஆண்டு 1988. இதைக் காரில் ஊற்றியவர்கள் பல மாநிலங்களில் வழக்குப் போட்டார்கள். 2016ல் அந்த வழக்குகள் மிசௌரி மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, பிறகு சமரசத்தில் முடிந்தன.

அது என்ன 1930 கணக்கு? அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக ஏபிஐ, இன்ஜின் ஆயில்களைத் தரவரிசைப்படுத்தும்போது மிகப் பழைய வகைக்கு ‘எஸ்ஏ’ என்று பெயர் வைத்தது. எஸ்ஏ என்றால் அடிட்டிவ், அதாவது கூடுதல் வேலைக்கென்று கலக்கும் ரசாயனம், எதுவும் சேர்க்காத வெறும் எண்ணெய். அதாவது அந்த பாட்டில் எண்ணெய்தான், கலப்படம் ஒன்றும் கிடையாது. இன்றைய இன்ஜினுக்கு வேண்டிய பாதி விஷயம் அதில் இல்லை, அவ்வளவுதான். கண்ணால் பார்த்தாலோ விரலில் தொட்டு உருட்டினாலோ வித்தியாசம் தெரியாது. இந்தத் தொழிலில் விளம்பர வாசகம் இவ்வளவு தாராளமாக நடமாடுவதற்குக் காரணமே இதுதான். வாங்குகிறவரால் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க முடியாது. தவறான ஆயிலால் இன்ஜின் தேய்ந்தாலும் பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும். அப்போது எந்த பாட்டிலை யார் குற்றம் சொல்வது?

சரி, நல்ல ஆயிலுக்குள் என்னதான் இருக்கிறது? முக்கால் பங்கிலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை அடிப்படை எண்ணெய். மீதி அடிட்டிவ். கசடு படியாமல் கழுவும் டிடர்ஜென்ட், கரித்தூளை ஒன்றுசேரவிடாமல் மிதக்கவைக்கும் டிஸ்பர்சன்ட், சூட்டில் எண்ணெய் ரொம்ப நீர்த்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும் பாலிமர், ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாவதைத் தடுப்பது, நுரை அடக்குவது, உராய்வு குறைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. இவற்றில் அதிகம் பேசப்படுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ‘இஸட்டிடிபி’. 1940களிலிருந்து இன்ஜின் ஆயிலில் இருக்கிறது. முதலில் பேரிங் அரிப்பைத் தடுக்கவும் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையாமல் இருக்கவும்தான் சேர்த்தார்கள். அப்புறம்தான் அதன் பெரிய குணம் தெரியவந்தது: வால்வுகளைத் திறக்கும் கேமும் அதன்மேல் உரசும் பாகமும் அழுத்தமாக மோதுகிற இடத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலத்தை உண்டாக்குகிறது. உலோகத்துக்குப் பதில் அந்தப் படலம் தேய்கிறது, திரும்ப உருவாகிறது.

இவ்வளவு வேலை செய்யும் பொருள் எவ்வளவு இருக்கிறது? ஏபிஐயின் தர வரிசையில் 2004ல் வந்த எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 0.06 முதல் 0.08 சதவீதம்தான் இருக்கலாம். ஆய்வக அறிக்கையில் இதை 600 முதல் 800 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 600 முதல் 800 பங்கு, என்று எழுதுவார்கள். ஒரு லிட்டர் ஆயில் சுமார் 850 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் அதிகபட்சம் 0.68 கிராம். முக்கால் கிராம்கூட இல்லை. மேல்வரம்பு வைத்ததற்குக் காரணம் புகையிலுள்ள நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும்போது பாஸ்பரஸ் அதில் போய்ப் படிந்து, அதன் வேலையைக் கெடுக்கிறது. எஸ்ஹெச் தரத்தில் 0.12 சதவீதமாக இருந்த வரம்பு, 1996ல் எஸ்ஜே வந்தபோது 0.10 ஆனது, பிறகு 0.08க்கு இறங்கியது. தரம் உயர உயர இந்த அடிட்டிவ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் ‘அடிட்டிவ் அதிகம்’ என்பதையே பெருமையாகச் சொல்லும் விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய கால கேம் அமைப்பு உள்ள கார்களுக்கு என்று துத்தநாகம் கூட்டிய ஆயில்கள் தனியாக வருகின்றன. அந்த இன்ஜினுக்கு அது சரி. கன்வெர்ட்டர் உள்ள புதுக் காருக்கு அதே பெருமை கேடாக முடியும்.

தனி பாட்டிலாக விற்கும் அடிட்டிவ்களின் கதை இன்னும் மோசம். இருக்கிற ஆயிலோடு இதையும் ஊற்றுங்கள், இன்ஜின் பல மடங்கு உழைக்கும் என்று சொல்லி விற்பவை. ஸ்லிக் 50 என்ற பொருளில் இருந்தது டெஃப்லான் என்று நாம் அறிந்த பிடிஎஃப்இ. தோசைக்கல்லில் ஒட்டாமல் இருப்பது இன்ஜினிலும் ஒட்டாமல் காப்பாற்றும் என்பது கேட்கிறவருக்கு உடனே புரிகிற கதை. ஆனால் பாத்திரத்தில் டெஃப்லானைப் பிடிக்கவைக்க உலோகத்தைச் சுத்தம் செய்து, 300 டிகிரிக்கும் மேலே சுட்டெடுக்க வேண்டும். எண்ணெய் ஓடுகிற இன்ஜினுக்குள் அதெல்லாம் நடப்பதில்லை. சாதாரண ஆயில் மட்டும் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் இன்ஜினுக்குப் பாதுகாப்பே கிடையாது என்பது போல விளம்பரம் செய்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1996ல் வழக்கு தொடுத்தது. பெரும்பாலான கார் இன்ஜின்களுக்கு, தயாரிப்பாளர் சொன்ன ஆயிலை ஊற்றினாலே ஸ்டார்ட் செய்யும்போதும் போதிய பாதுகாப்பு உண்டு என்றது. 1997ல் அந்த வாசகங்களைக் கைவிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்களுக்கான நிவாரணமாக ஒரு கோடி டாலர் என்று முடிவானது.

ஸீமேக்ஸ் என்ற இன்னொரு அடிட்டிவ் மீதான வழக்கு இதைவிடப் பாடம் தருவது. 2001ல் அதே ஆணையம் தொடுத்தது. வால்வுத் தண்டின் தேய்மானம் 66 சதவீதம் குறையும், பிஸ்டன் ஸ்கர்ட்டின், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவரின், தேய்மானம் 60 சதவீதம் குறையும், எரிபொருள் செலவு 8.5 சதவீதம் குறையும் என்று விளம்பரம் எண்களை அடுக்கியது. எல்லாவற்றுக்கும் ஆதாரமாகக் காட்டியது ‘சிஆர்சி எல்-38’ என்ற ஆய்வகச் சோதனையை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்-38 என்பது பேரிங் எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்க வைத்த சோதனை. அந்த முக்கியமான எண் விளம்பரத்தில் இல்லை. ஆணையம் சொன்ன குற்றச்சாட்டுப்படி, ஸீமேக்ஸ் கலந்த ஆயிலில் பேரிங் அரிப்பு, வெறும் ஆயிலில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துப்போட்டு ஒரு அறிக்கை தயாரித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது நிறமேற்றிய மினரல் ஆயிலைத் தாண்டிப் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் ஆணையம் சொன்னது. 2003ல் பத்து லட்சம் டாலர் நிவாரணத்தோடு சமரசமானது. எனக்கு இதில் ஆத்திரம் வருவது பணத்துக்காக இல்லை. சோதனை என்ற சொல்லுக்கு மக்கள் வைத்திருக்கும் மரியாதையை எடுத்து, அதே மக்களுக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள்.

டூரா லூப் என்ற அடிட்டிவ் விஷயத்தில் ஆணையம் எழுப்பிய குற்றச்சாட்டு நேராக உள்ளடக்கத்தைப் பற்றியது. குளோரின் சேர்மம் எதுவும் இல்லை என்று அந்த நிறுவனம் சொன்னது பொய் என்றார்கள். குளோரின் சேர்த்த பாரஃபின், விளம்பர மேடைகளில் செய்துகாட்டும் உராய்வுப் பரிசோதனையில் பிரமாதமாக ஜெயிக்கும். சுழலும் இரும்பு வளையத்தின் மேல் ஒரு நெம்புகோலை அழுத்துவார்கள். சாதாரண ஆயில் சட்டென்று இறுகி நின்றுவிடும், இவர்களுடையது நிற்காமல் சுழலும். கடைக்காரர் கண்முன்னே செய்துகாட்டும்போது நம்பாமல் இருப்பது கஷ்டம். ஆனால் அதே சேர்மம் இன்ஜினின் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். மேடையில் சில நிமிடம் ஜெயிப்பது வேறு, இன்ஜினுக்குள் பல மாதம் இருப்பது வேறு.

இதெல்லாம் ஓரத்தில் நடக்கும் வியாபாரம், பெரிய கம்பெனிகள் அப்படிச் செய்யாது என்று ஒருவர் சொல்லலாம். பெரிய கம்பெனிகள் இந்த மாதிரிப் பொய் சொல்வதில்லை. அவர்கள் செய்வது நுட்பமானது. ‘சிந்தடிக்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்காமல், சின்ன மூலக்கூறுகளைச் சேர்த்துக் கட்டிய பாலிஆல்ஃபாஓலிஃபின், அதாவது பிஏஓ, இருந்தால்தான் சிந்தடிக் என்று ஒரு காலத்தில் தொழிலில் ஒரு புரிதல் இருந்தது. அடிப்படை எண்ணெய்களுக்கான ஏபிஐ வகைப்பாட்டில் அது நான்காம் குரூப். கச்சா எண்ணெயிலிருந்து வந்த மெழுகுப் பகுதியை ஹைட்ரஜனோடு மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து உடைத்துச் சீராக்கினால் கிடைப்பது மூன்றாம் குரூப். 1997 இறுதிவாக்கில் காஸ்ட்ரால் தன் சின்டெக் ஆயிலில் பிஏஓவை எடுத்துவிட்டு மூன்றாம் குரூப் எண்ணெயைப் போட்டது. பாட்டிலில் பெயர் மாறவில்லை. மோபில் நிறுவனம் இதை எதிர்த்து, விளம்பரத் தொழிலே தனக்கு வைத்துக்கொண்ட தீர்ப்பு அமைப்பான தேசிய விளம்பரப் பிரிவிடம் போனது. 1999ல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. அந்த எண்ணெயின் மூலக்கூறு வேதிமுறையில் போதுமான அளவு மாற்றப்பட்டிருக்கிறது, ஆகவே சிந்தடிக் என்று சொல்வதற்கு நியாயமான ஆதாரம் இருக்கிறது என்றது அந்தப் பிரிவு.

அன்றிலிருந்து கதவு திறந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க ‘ஃபுல் சிந்தடிக்’ என்று விற்கும் ஆயில்களில் பெரும்பங்கு மூன்றாம் குரூப்தான். ஜெர்மனியில் ‘முழுக்க சிந்தடிக்’ என்ற சொல்லுக்கு இன்னும் கடுமையான பொருள் உண்டு. மூன்றாம் குரூப் மட்டமான எண்ணெய் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல மூன்றாம் குரூப் எண்ணெயும் நல்ல அடிட்டிவும் சேர்ந்தால் அருமையான ஆயில் கிடைக்கும். ஆனால் பிஏஓவுக்காக மக்கள் கொடுக்கப் பழகியிருந்த கூடுதல் விலை, பொருள் மாறிய பிறகும் அந்தச் சொல்லுக்காகவே வசூலிக்கப்பட்டது. ‘செமி சிந்தடிக்’ என்பது இன்னும் தளர்ந்த சொல். எத்தனை சதவீதம் இருந்தால் செமி என்று பாட்டில் சொல்வதில்லை, சொல்லவைக்கும் விதியும் கிடையாது. எஸ்டர் என்ற இன்னொரு வகைச் செயற்கை எண்ணெய் இருக்கிறது என்று எழுதும் ஆயில்களிலும் அதே நிலைமைதான். எஸ்டர் ஒரு சதவீதமா, முப்பதா? லேபிளில் தேடிப் பயனில்லை.

அடுத்தது சதவீதக் கணக்கு. ‘தேய்மானத்திலிருந்து நான்கு மடங்கு பாதுகாப்பு’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கீழே தேடினால், தொழில்துறை வரம்போடு ஒப்பிட்டது என்று ஒரு வரி. எஸ்என் தரத்துக்கு ‘சீக்வென்ஸ் 4ஏ’ என்ற சோதனை இருந்தது. நிஸான் இன்ஜின் ஒன்றை 100 மணி நேரம் ஓட்டி, கேம் எவ்வளவு தேய்ந்தது என்று அளப்பார்கள். 90 மைக்ரானுக்குள் இருந்தால் தேர்ச்சி. ஓர் ஆயிலில் 30 மைக்ரான் தேய்ந்தது, இன்னொன்றில் 22 என்று வையுங்கள். முதலாவது மூன்று மடங்கு என்று எழுதலாம், இரண்டாவது நான்கு மடங்கு என்று எழுதலாம். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 8 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பகுதி. வரம்போடு ஒப்பிடுவதை விட்டுப் பக்கத்துக் கம்பெனியோடு ஒப்பிட்டால் இந்த ஜம்பம் பாதியாகிவிடும். அதனால்தான் ஒப்பீடு வரம்போடு நடக்கிறது.

விளம்பரத்தை நம்பாமல் புது ஆயிலை நேராக ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஐசிபி என்ற கருவியில் ஆயிலைப் பிளாஸ்மாவில் எரித்து, எந்தத் தனிமம் எத்தனை பிபிஎம் என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம், மக்னீசியம், மாலிப்டினம், போரான் எல்லாம் வரிசையாக வரும். எஸ்ஏ மாதிரி வெறும் எண்ணெயை இது நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆயில் முதலிடம், அது கடைசி என்று பட்டியல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம், கருவி பார்ப்பது தனிமத்தை, மூலக்கூறை அல்ல. ஃபீனால், அமீன் வகை ஆக்சிஜன் தடுப்பான்களில் உலோகமே கிடையாது. அவை ஐசிபிக்குத் தெரியாது. எஸ்டரும் தெரியாது. பிசுபிசுப்பைக் காக்கும் பாலிமரும் தெரியாது. மாலிப்டினம் 80 பிபிஎம் என்று வந்தால் குறைவு என்று தோன்றும். மூன்று மாலிப்டின அணுக்கள் கொண்ட புதுவகைச் சேர்மமாக இருந்தால், பழைய வகை பல நூறு பிபிஎம்மில் செய்ததை அது அந்த அளவிலேயே செய்துவிடும். பாஸ்பரஸும் அப்படித்தான். கார் கம்பெனிகளின் அமைப்பு வைத்த, 2010ல் வந்த ஜிஎஃப்-5 தரம், இருக்கிற பாஸ்பரஸில் குறைந்தது 79 சதவீதம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்க வேண்டும் என்று கேட்டது. ஒரே 800 பிபிஎம், ஆனால் ஒன்றில் தங்கும், இன்னொன்றில் பறந்துபோகும்.

கால்சியம் விஷயம் இதற்கெல்லாம் மேல். டிடர்ஜென்டில் வருவது அது. நிறைய இருந்தால் நன்றாகக் கழுவும், அமிலத்தை அடக்கும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள், அதில் தவறுமில்லை. டர்போ வைத்த, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்கள் வந்த பிறகு, குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே வெடித்து பிஸ்டன் உடையும் பிரச்சினை கிளம்பியது. கால்சியம் அதிகமான ஆயில் அதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2018ல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதம் எஸ்பி என்று தரங்கள் வந்தன. பல ஆயில்களில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். கால்சியம் எண்ணைப் பார்த்து மார்க் போட்டவர்களின் பட்டியல் தலைகீழானது. அமிலத்தைச் சமாளிக்கும் திறனைக் காட்டும் டிபிஎன் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை அளக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. புது ஆயிலுக்குப் பயன்படும் டி2896 முறையில், டி4739 முறையைவிட எண் பெரும்பாலும் கூடுதலாக வரும். ஒரு கம்பெனியின் ஒரு முறை எண்ணை இன்னொன்றின் மறுமுறை எண்ணோடு ஒப்பிட்டுப் பேசுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இன்னொரு விஷயம் விளம்பரங்களில் வரவே வராது. ‘எங்கள் பிரத்யேக ஃபார்முலா’ என்று சொல்லும் கம்பெனிகளில் பெரும்பாலானவை அடிட்டிவைத் தாங்களே செய்வதில்லை. லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் என்ற நான்கு நிறுவனங்களே உலகச் சந்தையின் பெரும்பகுதிக்கு அடிட்டிவ் தொகுப்பு தருகின்றன. நம் சென்னை மணலியிலேயே இருக்கிறது இந்தியன் அடிட்டிவ்ஸ். அன்றைய மெட்ராஸ் ரிஃபைனரீஸும் செவ்ரானும் சேர்ந்து 1989ல் தொடங்கியது. தொகுப்பை வாங்கி, அடிப்படை எண்ணெயோடு கலந்து, தன் பெயரில் பாட்டிலில் அடைப்பதுதான் நிறைய பிராண்டுகள் செய்யும் வேலை. அதில் கேவலம் ஒன்றுமில்லை. அந்தத் தொகுப்பைக் குறிப்பிட்ட அளவில் குறிப்பிட்ட எண்ணெயோடு சேர்த்து இன்ஜின் சோதனைகள் எல்லாம் முடித்து வைத்திருப்பார்கள். அளவைக் குறைத்தால் அந்தச் சோதனை முடிவு செல்லாது. தனி பாட்டில் அடிட்டிவை மேலே ஊற்றினாலும் அதே கதிதான். உலோகத்தின் மேற்பரப்பில் இடம் பிடிக்க எல்லா அடிட்டிவும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. புதிதாக வந்தது இஸட்டிடிபியைத் தள்ளிவிட்டு உட்காரலாம்.

ஆகவே வாங்குகிறவர் தேட வேண்டியது பொருளின் பெயரை அல்ல, யார் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்பதை. ‘எஸ்பி தரத்தை எட்டும்’, ‘எஸ்பி தரத்துக்கு ஏற்றது’ என்பதெல்லாம் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. ஏபிஐயின் வட்ட முத்திரை இருந்தால் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியலை ஏபிஐ இணையத்தில் வெளியிடுகிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். கார் கம்பெனிகளின் ஒப்புதலும் அப்படித்தான். மெர்சிடிஸ் 229.5க்கு ‘பரிந்துரைக்கிறோம்’ என்று ஆயில் கம்பெனி எழுதினால், அது மெர்சிடிஸ் கொடுத்த ஒப்புதல் என்று ஆகாது. ஒப்புதல் என்ற சொல் தனியாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் கார்களைவிட இருசக்கர வண்டிகள்தான் அதிகம், அங்கே இந்த விஷயம் நேராகக் காலுக்குக் கீழே வந்து நிற்கிறது. பெரும்பாலான பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடிதான் பிடிக்கும். காருக்கு நல்லது என்று உராய்வு குறைக்கும் மாலிப்டினச் சேர்மம் தாராளமாகச் சேர்த்த ஆயிலை ஊற்றினால், கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு: ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. அதற்காகவே ஜப்பானின் ஜாசோ அமைப்பு 1998ல் டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. கிளட்ச் நனையும் பைக்குக்கு எம்ஏ. அதையே 2006ல் எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், எம்ஏ2 நன்றாகப் பிடிக்கும் வகை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதற்கு உராய்வு குறைந்த எம்பி போதும். எம்பி ஆயிலை கியர் பைக்கில் ஊற்றிவிட்டு கிளட்ச் பிளேட்டை மாற்றச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜாசோவும் தன்னிடம் பதிவான ஆயில்களின் பட்டியலை வெளியிடுகிறது. எம்ஏ2 என்ற எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பட்டியலில் ஏறுவதற்குச் சோதனை முடிவோடு பதிவு செய்ய வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டில் எந்தக் கிரேடு, எந்தத் தரம் என்று இரண்டும் போட்டிருக்கும். கடையில் கேட்கும்போது பிராண்டுக்கு முன்னால் அந்த இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். பாட்டில் கைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.